அப்போதே சொன்னவரின் குதிரை

மனிதர்களுள் 'அப்போதே சொன்னவர்' என்றோர் இனம் உண்டு. பருவந்தோறும் இடம்பெயரும் பறவைகளைப் போன்றவர்கள் அல்லர் இவர்கள். எல்லாப் பருவத்திலும் எல்லா ஊரிலும் காணப்படுபவர்கள். மழை பெய்து ஓய்ந்தபின் மழையை அறிவிப்பார்கள்; மணமுறிவு ஏற்பட்டபின், மணமேடையிலேயே மாப்பிள்ளையின் காதுமடல் தமக்குப் பிடிக்கவில்லை என்று நினைவுகூர்வார்கள்; பாலம் இடிந்து ஆற்றில் விழுந்தபின், அதன் தூணைத் தாம் முதன்முதலாகப் பார்த்த அன்றே பெருமூச்சு விட்டதாகத் தெரிவிப்பார்கள். எதிர்காலத்தை இறந்தகால வினைமுற்றால் மட்டுமே உரைக்கும் தீர்க்கதரிசிகளை வேறெந்த இனத்தில் காண்பீர்கள்?

இவ்வினம் எங்கும் வாழும் என்றாலும், கொழுத்து வளர்வது குதிரைப் பண்ணையில்தான். காரணம் எளிது. குதிரையின் சினைக்காலம் ஓராண்டுக்குச் சற்றே குறைவு. அத்தனை நாளும் உள்ளே இருப்பது ஆணா பெண்ணா, கருப்பா சிவப்பா என்று எவருக்கும் தெரியாது. அவ்வளவு நீண்ட அவகாசத்தில், ஒரு மனிதர் எத்தனை பேரிடம் எத்தனை விதமாகச் சொல்லிவைக்க முடியும் என்று எண்ணிப் பாருங்கள்.

பல்தசார் எண்ணிப் பார்த்தவர். தேஜு ஆறு பெருகும்போதெல்லாம் நனைந்து எழும் கொலெகாச் சமவெளியில், அவருக்கு ஒரு சிறிய குதிரைப் பண்ணை இருந்தது. ஒரு வெள்ளைச் சுவர் லாயம், சில பெட்டைகள், வாதுமை மரம் ஒன்று, மனைவி ஃபெலிஸ்மினா, மகள் பெனெதீத்தா. தீனி வைப்பதும் சாணம் அள்ளுவதும், குளம்பைத் தூக்கிப் பார்ப்பதும், குட்டி குறுக்கே சிக்கிக்கொண்டால் தோள்வரை கையை விட்டு நேராக்கி இழுப்பதும் தாயும் மகளும் பார்த்துக்கொள்வார்கள். சொல்வதைப் பல்தசார் பார்த்துக்கொள்வார்.

அவருடைய முறை பழுதற்றது. பெட்டை சினையானது உறுதியானதும், காலை உணவின்போது மனைவியிடம், "பெட்டைக்குட்டிதான், வேணும்னா பாரு" என்பார். முற்றத்தில் மகளிடம், "ஆம்பளக்குட்டி, சந்தேகமே இல்ல" என்பார். முடிதிருத்துபவரின் நாற்காலியில் சாய்ந்தபடி செம்பழுப்பு என்பார். காப்பிக்கடையில் கருப்பு என்பார். குட்டி பிறந்ததும், யாரிடம் சொன்னது பலித்ததோ அவரைத் தேடிக்கொண்டு விரைவார். "சொன்னேனா இல்லையா?" என்று கேட்பார். ஏனையோரைச் சில நாள்கள் சந்திக்க மாட்டார். அவ்வளவுதான். ஆனாலும், ஒரு ஞானஸ்நான விருந்தில் முடிதிருத்துபவரின் மனைவியும் ஃபெலிஸ்மினாவும் அருகருகே அமர்ந்து பேசிக்கொண்டதில் இந்த ஏற்பாட்டின் தையல் பிரிந்தது. அன்று ஃபெலிஸ்மினா கோபப்படவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கைக்குட்டையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டு வந்தாள். சிரிப்புத் தீர்ந்த பிறகுதான் வருத்தம் வந்தது.

ஒரு குட்டியின் பிறப்பையும் பல்தசார் நேரில் கண்டதில்லை. பெட்டைக்குதிரை கூச்சமுள்ள பிராணி. காவலிருப்பவர் அகலும்வரை அடக்கிக்கொண்டிருக்கும் என்பது குதிரைக்காரர்கள் அறிந்ததே. எனவே, பெட்டைக்கு இடையூறு ஆகக்கூடாதென்று பல்தசார் பெருந்தன்மையோடு அகன்றுவிடுவார். எல்லாம் முடிந்து, தாய் குட்டியை நக்கிக்கொண்டிருக்கும்போது, சவரம் செய்த முகத்தோடும் சேறு படாத காலணியோடும் வாசலில் தோன்றுவார்; கால்களை அகட்டி நின்று குட்டியின் பின்னங்கால்களை நெடுநேரம் பார்ப்பார்; "ம்" என்பார். வைக்கோலில் அமர்ந்து, முழங்கைவரை ஈரமாக இருக்கும் இரு பெண்களும் அந்த 'ம்'முக்காகத்தான் காத்திருந்ததாக அவருடைய எண்ணம்.

பழியையும் புகழையும் பிரிப்பதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. கழுத்து அழகாக அமைந்தால் அது பொலிகுதிரையின் கொடை. பொலிகுதிரையைத் தேர்ந்தவர் பல்தசார். முழங்கால் கோணினால் அது பெட்டையின் குற்றம். செரேஷாவின் குட்டியாக இருந்துவிட்டால், ஃபெலிஸ்மினாவின் குற்றம். ஏனென்றால் செரேஷா அவளுடைய குதிரை. அவள் தந்தையின் பண்ணை மூடப்பட்டபோது, மேசை வேண்டாம், வெள்ளிக் கரண்டிகள் வேண்டாம் என்று சொல்லி, அவள் கேட்டு வாங்கிவந்த ஒரே உயிர் அது. வெள்ளை உடல், தொடையில் அவள் தந்தையின் சூட்டுக்குறி. மாமனாரின் குறியைத் தம் முற்றத்தில் நாள்தோறும் காண்பது பல்தசாருக்குக் கண்ணில் விழுந்த உமியாக இருந்தது.

இனி, அந்த ஆண்டில் நடந்தது.

எவரிஸ்தோ என்றொரு செல்வர், கருப்புக் குதிரைகள் நான்கு பூட்டிய வண்டியில் ஊர்வலம் போகிறவர். அவருடைய நான்கில் ஒன்று கிழடு தட்டிவிட்டது. காப்பிக்கடையில் அவர் அதைச் சொல்லி வருந்தியபோது, பல்தசார் கோப்பையைக் கீழே வைத்து, "செரேஷாவுக்குக் கருப்புக்குட்டி பொறக்கும். உங்களுக்குத்தான்" என்று அறிவித்தார். பெட்டையை அண்டைப் பண்ணையின் கருப்புப் பொலிகுதிரையிடம் அனுப்பியிருந்தார். வழக்கம்போல் வேறு நிறங்களையும் வேறு இடங்களில் சொல்லிவைத்துவிட்டார்.

குளிர்காலத்தின் கடைசியில் குட்டி பிறந்தது. ஆண். மைக்கூட்டில் தோய்த்தெடுத்ததுபோலக் கருப்பு. மெருகேற்றிய காலணிபோலப் பளபளப்பு. ஊர் முழுவதையும் பல்தசார் அழைத்துவந்து காட்டினார்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என்றென்றும் கருப்பாகவே இருக்கப்போகும் குட்டி, பிறக்கும்போது கருப்பாக இருப்பதில்லை. எலியின் நிறத்தில், மங்கலாக, சாம்பலில் புரண்டதுபோலத்தான் பிறக்கும். பளபளவென்று கருத்துப் பிறந்து, கண்ணைச் சுற்றி வெளிறிய மயிர்வளையமும் உடைய குட்டி ஆண்டுக்கு ஆண்டு வெளுத்து, இறுதியில் உப்பைப்போல் வெள்ளையாகும். அந்தச் சமவெளியில் பால்பல் விழாத பிள்ளைகளுக்கும் இது தெரியும். பல்தசாருக்குத் தெரியாதா? இதைச் சொல்லியே எத்தனை அண்டைவீட்டாரின் மகிழ்ச்சியை அவர் கெடுத்திருக்கிறார்? ஆனால், அறிவு என்பது பிறருடைய குட்டியைப் பார்க்கும்போது மட்டும் அணிந்துகொள்ளும் மூக்குக்கண்ணாடி, அவருக்கு.

"கண்ணைச் சுத்திக் கொஞ்சம் பாருங்களேன்," என்றாள் ஃபெலிஸ்மினா.

"தூசி."

"தொடச்சுப் பார்த்தேன். போகல."

"அப்ப நீ சரியாத் தொடைக்கல."

நாடெங்கும் ஓர் ஆண்டில் பிறக்கும் குட்டிகளின் பெயர்கள் எல்லாம் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டுமென்பது அவர்களுடைய குதிரைச் சங்கத்தின் விதி. அவ்வாண்டு எழுத்துக்கு ஏற்றவாறு பல்தசார் தேர்ந்த பெயர் பெட்ரோலியோ. கல்லெண்ணெய்க்கு அவர்கள் மொழியில் அதுவே சொல். இதைவிடக் கருப்பான பெயர் கிடைக்காதென்று அவர் மகிழ்ந்தார்.

"வெளுத்துட்டா என்னப்பா பண்ணுவீங்க?" என்றாள் பெனெதீத்தா. "சுத்திகரிச்சுட்டோம்னு சொல்லிடலாமா?"

"உங்கம்மா வாய் உனக்கு அப்படியே வந்திருக்கு. இதுவும் பெட்டைவழிக் கோளாறுதான்."

சில நாள்களில் குட்டியின் முகத்தில் ஓர் ஈத்திரை ஏறியது. கோடையில் ஈ மொய்க்காதிருக்கக் குதிரையின் கண்களுக்குமேல் கட்டும் வலைத்துணி அது. ஆற்றின்மேல் பனிமூட்டம் கலையாத, குதிரைகளின் மூச்சே புகையாகத் தெரிகிற அந்த மாதத்தில், ஈ என்ற உயிரினம் அம்மாவட்டத்திலேயே இல்லை.

"என்ன பல்தசார், ஈ எங்க?" என்று வேலியோரம் நின்று கேட்டார்கள்.

"வரும். வந்தப்புறம் சொல்றவன் நானில்ல."

வெயில் பட்டால் கருமை மங்கும் என்று குட்டியை அவர் பகலெல்லாம் லாயத்திலேயே அடைத்துவைத்தார். அதற்கிடையே ஃபெலிஸ்மினாவின் புருவச் சாமணம் அலங்கார மேசையிலிருந்து காணாமல் போயிற்று. தேடியபோது ஓட்ஸ் வாளிக்குள் கிடைத்தது. அன்று மாலை பல்தசாரின் விரலில் பெரிய கட்டு இருந்தது. கண்ணோரத்து வெள்ளை மயிரை ஒவ்வொன்றாகப் பிடுங்குவதை எந்தக் குட்டிதான் பொறுக்கும்? மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "இது கடிக்கும்னு நான் அப்பவே நெனச்சேன்."

இலையுதிர்காலம் வந்தது. கொலெகாவில் புனித மார்ட்டின் பெயரால் நடக்கும் குதிரைச் சந்தைக்கு ஊர் ஆயத்தமாயிற்று. சந்தைக்கு முன்னர் எவரிஸ்தோ தம் கருப்புக் குதிரையைப் பார்க்கப் பண்ணைக்கு வந்தார். ஈத்திரையைக் கழற்றச் சொன்னார். காற்றடிக்கிறது என்றார் பல்தசார். காற்றடிக்கவில்லை. பெனெதீத்தா கழற்றினாள்.

கண்களைச் சுற்றி, பழைய பள்ளி ஆசிரியரின் மூக்குக்கண்ணாடியைப்போல, அகன்ற இரு வெள்ளை வளையங்கள். நெற்றியில் மாவு தெளித்த கோலம். காதோரத்தில் நரை. எவரிஸ்தோ மரியாதை தெரிந்தவர். சிரிப்பை மீசைக்குள் அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

"பல்தசார், இது பெட்ரோலியமா, பாலா?"

பல்தசாரின் இமை அசையவில்லை. "வெளுக்கும்னு நான் அப்பவே சொன்னேன். வேணும்னா வீட்ல கேட்டுப் பாருங்க."

அப்போது ஃபெலிஸ்மினா தன் கணவரின் முகத்தைப் பார்த்தாள். அத்தனை ஆண்டுகளாகப் பார்த்திராத ஒன்றை அதில் பார்த்தாள். அவர் பொய் சொல்லவில்லை. இவ்வினத்தாரின் மிக அச்சமூட்டும் இயல்பு அதுவே. நேற்றுப் பேசியதை இன்றைய நிலவரத்துக்கு ஏற்ப வெட்டித் தைத்துத் தரும் தையற்காரன் ஒருவன் அவருக்குள் குடியிருந்தான். அவன் வேலை செய்யும்போது வலிப்பதில்லை, ஊசி குத்துவது தெரிவதுமில்லை. தைத்து முடித்ததும் அச்சட்டை பிறந்தது முதல் தம்முடையதாக இருந்ததுபோல அவர் அணிந்துகொள்வார். பொய்யரையேனும் ஒருநாள் பிடித்துவிடலாம். இவரை எப்படிப் பிடிப்பது?

எவரிஸ்தோ வண்டியேறியதும் தீர்ப்பு வந்தது.

"குத்தம் பெட்டையோடது. சந்தையில தொமேகிட்டக் குடுத்துடப்போறேன்."

தொமே, வயதான பெட்டைகளை வாங்குபவர். வாங்கியவற்றை எங்கே கொண்டுபோகிறார் என்று அவரை எவரும் கேட்டதில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் கேட்கவில்லை.

"அவ வயித்துல குட்டி இருக்குங்க."

"அதுவும் வெள்ளையாத்தான் இருக்கும்."

"கருப்புன்னு சொன்னது நீங்கதானே? அதுக்கு அவ என்ன பண்ணுவா?"

"நானா? கருப்புன்னா? எப்ப?"

ஃபெலிஸ்மினா வாதாடினாள். அழவும் செய்தாள். பெனெதீத்தா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள். கால்நடை மருத்துவரும் தம் பங்குக்கு, இப்படிப்பட்ட பெட்டையை யாராவது கொடுப்பார்களா என்று கேட்டுப் பார்த்தார். ஒவ்வொரு சொல்லும் பல்தசாரை மேலும் கெட்டிப்படுத்தியது. நியாயம் அவருக்கு விளங்காமல் இல்லை. விளங்கியது என்று ஒப்புக்கொண்டால், அதை வேறொருவர் முதலில் சொன்னதாகிவிடும். அதற்கு அவர் தம் பண்ணையையே கொளுத்திவிடுவார்.

சந்தைக்குப் புறப்படும் காலையில், வெள்ளை மயிர் மின்ன வேண்டுமென்று ஃபெலிஸ்மினா வாளி நீரில் நீலம் கரைத்துச் செரேஷாவின் வாலை அலசினாள். விற்கப்போகிற குதிரைக்கு எதற்கு நீலம் என்று அவளுக்கே தெரியவில்லை. கைகளுக்கு வேறு வேலை தெரியாததால் அலசினாள். நனைந்த தொடையில் தந்தையின் சூட்டுக்குறி தெளிவாகத் தெரிந்தது. பெட்டை தலையைத் திருப்பி அவள் தோளை மோந்து, மேலங்கியின் பொத்தானை உதட்டால் இழுத்துப் பார்த்தது. கணவர் உள்ளேயிருந்து பெனெதீத்தாவிடம் பேசுவது கேட்டது: "இன்னிக்கு வெயில் வரும்னு நேத்தே சொன்னேன்." நேற்று அவர் குடையைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஃபெலிஸ்மினா வாலைப் பிழிந்தாள். கேட்டுக்கொண்டே, மெதுவாகப் பிழிந்தாள். பிறர் சொன்னதை அவர் ஏற்கமாட்டார். சரி. அவரே சொன்னதை?

சந்தை மணல்வட்டத்தைச் சுற்றிக் குறுஞ்சட்டையும் அகன்ற தொப்பியும் அணிந்த ஆண்கள் குதிரைமேல் இடித்துக்கொண்டு போய்வந்தார்கள். சுட்ட கஷ்கொட்டையின் புகை தெருவெல்லாம் நிறைந்திருந்தது. காப்பிக்கடை நண்பர்களும் முடிதிருத்துபவரும் சூழ்ந்து நிற்க, பல்தசார் செரேஷாவின் கயிற்றைப் பிடித்திருந்தார். பின்னால், பெட்ரோலியோவைப் பெனெதீத்தா நடத்திக்கொண்டிருந்தாள். தொமே பெட்டையின் உதட்டை விலக்கிப் பல் பார்த்து, விலா எலும்பைத் தடவி முடித்து, வலது கையை நீட்டினார். அங்கே கையோடு கை சேர்ந்தால் விற்பனை முடிந்தது. பிறகு, பேரரசரே வந்தாலும் பின்வாங்க முடியாது.

பல்தசாரின் கை பாதி வழி போயிருந்தது.

கஷ்கொட்டைப் பொட்டலத்தோடு ஃபெலிஸ்மினா வந்து நின்றாள். கணவரை அவள் பார்க்கவில்லை. பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எவரிஸ்தோவைப் பார்த்து, நாலு பேருக்குக் கேட்கும்படி பேசினாள்.

"எவரிஸ்தோ ஐயா, நல்லவேளை வந்தீங்க. இந்தத் தொமே அண்ணனுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. காலையிலேர்ந்து எங்க வீட்டுக்காரரைப் போட்டுப் படுத்தறாரு. இவருதான் அப்பவே சொல்லிட்டாரே."

"என்னம்மா சொன்னாரு?"

"செரேஷாவை விக்கிறவன் மூஞ்சிக்குத்தான் ஈத்திரை கட்டணும்னு சொன்னாரு. இந்தக் குட்டி பொறந்த அன்னிக்கே சொன்னாரு, இது வெள்ளையா வரும், இதே சந்தையில நடக்கும்போது ஊரே திரும்பிப் பார்க்கும், இந்த நடையெல்லாம் தாய் குடுக்கறதுன்னு. நாங்கதான் அன்னிக்குப் புரிஞ்சுக்கல."

தொமேயின் கை நீட்டியபடி நின்றது. பெனெதீத்தா தாயின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள்.

"ஆமாம்பா," என்றாள். "நான் சிரிச்சேன்கூட. தப்புதான்."

"என்கிட்டகூட அந்த மாதிரி ஏதோ சொன்னாப்ல இருக்கு," என்றார் முடிதிருத்துபவர். அவரிடம் பல்தசார் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார் அல்லவா?

எவரிஸ்தோ நகைப்பதற்காகத்தான் குட்டியைத் திரும்பிப் பார்த்தார். பெட்ரோலியோ அதன் மூக்குக்கண்ணாடியோடு, முழங்காலை உயர்த்தி, மணலுக்கு வலிக்குமோ என்பதுபோல் குளம்பை ஊன்றி நடந்துகொண்டிருந்தது. அவருடைய முகத்திலிருந்து நகைப்புப் போயிற்று.

"நடை நல்லாத்தான் இருக்கு," என்றார் மெல்ல. "வெள்ளையில ஒரு ஜோடி சேர்க்கலாம்னா, இந்தத் தாயோட அடுத்த குட்டியையும் பார்க்கணும்."

கணவருக்குள் தையற்காரன் விழித்துக்கொண்டதை ஃபெலிஸ்மினா பார்த்தாள். முதலில் புருவம் ஏறியது. பிறகு தாடை முன்னே வந்தது. பாதி வழி போயிருந்த கை, தனக்கு அங்கே எந்த வேலையும் இருந்ததில்லை என்பதுபோல, வளைந்து மேலேறித் தொப்பியின் விளிம்பைத் தொட்டது. அவள் கையிலிருந்த கஷ்கொட்டை சுட்டது; அவள் விரலைத் தளர்த்தவில்லை.

"சொன்னேனா இல்லையா?" என்றார் பல்தசார், பொதுவாக, எல்லாரையும் பார்த்து. பிறகு தொமேயிடம் திரும்பினார். "உனக்கு எத்தன தடவதான்யா சொல்றது? இந்தப் பெட்டையக் குடுக்கறதில்ல."

"அண்ணே, காலையில நீங்கதானே கூப்பிட்டு அனுப்புனீங்க?"

"கூப்பிட்டதே அதைச் சொல்லத்தான்."

செரேஷா அன்று மாலை வீடு திரும்பியது. தன் தொட்டியில், தன் வைக்கோலை, எதுவுமே நடக்காததுபோலத் தின்றது. நன்றி என்பதெல்லாம் குதிரைக்குத் தெரியாது. அதனால்தான் அதனோடு வாழ முடிகிறது.

வெற்றிக்கு ஃபெலிஸ்மினா கொடுத்த விலையை நீங்கள் கேட்கவேண்டும். கிறிஸ்துமஸ் வருவதற்குள், அந்தப் பெட்டையை விற்றே தீரவேண்டுமென்று பெண்கள் இருவரும் அழுது அடம்பிடித்ததாகவும், பல்தசார் ஒருவர் மட்டுமே மறுத்து நின்றதாகவும் காப்பிக்கடை முழுவதும் அறிந்திருந்தது. பெட்ரோலியோ உப்பாக வெளுத்தபோது, "வெள்ளக் குதிரைக்கு இந்தப் பேர வெச்சேன் பாருங்க, ஒரு வேடிக்கைக்காக" என்று அவர் விருந்தினருக்கு விளக்கினார். விருந்தினர் ஃபெலிஸ்மினாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். "ஆமாங்க, அப்பவே சொன்னாரு" என்பாள் அவள், சூப்பைப் பரிமாறியபடி. இப்போது அவள் அந்த வாக்கியத்தை மிகவும் சிக்கனமாகப் பயன்படுத்துகிறாள். லாயத்துக்குப் புதிய கூரை போடவேண்டியிருந்தபோது ஒருமுறை. மகள் தனக்குப் பிடித்தவனை மணக்க விரும்பியபோது ஒருமுறை. இரண்டையும் பல்தசார் அப்போதே சொல்லியிருந்தார்.

அன்பான வாசகரே, இவரைப் பார்த்து நீங்கள் நன்றாகவே சிரித்திருப்பீர்கள். தகும். ஆயினும், கையில் கஷ்கொட்டைப் பொட்டலத்தோடு ஃபெலிஸ்மினா சந்தைக்குள் நுழைந்த இடத்தில், உங்களுள் எவரேனும், 'இவள் இதைத்தான் செய்யப்போகிறாள் என்று எனக்கு அப்போதே தெரியும்' என்று உள்ளுக்குள் புன்னகைத்தீர்களா? ஒருவேளை பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லவும் சொன்னீர்களா?

கொலெகாச் சந்தையில் ஈத்திரை எல்லா அளவிலும் கிடைக்கிறது. தலையின் சுற்றளவை மட்டும் சொன்னால் போதும்.